படிக்க வருகிறார்கள், பிழைக்கப் போய்விடுகிறார்கள்: திருச்சியும் இளைஞர்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் கல்லூரி விழாவோ வியாபாரிகள் சங்கக் கூட்டமோ, எதுவானாலும் யாராவது ஒருவர் எழுந்து கேட்டுவிடுவார்: ‘நம்ம ஊர்ல படிக்கிற பிள்ளைங்க ஏன் நம்ம ஊர்ல நிக்க மாட்டேங்குறாங்க?’ அதைத் தொடர்ந்து வரும் கிளைக் கேள்விகளும் அநேகமாக ஒன்றுபோலவே இருக்கும். அவற்றைத் தொகுத்து, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளம், சில ஒற்றை வரி.

மாணவர்களைத் திருச்சிக்கு வரவழைக்கத் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

வேண்டாம். நூறு வருஷத்துக்கு மேலாக வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய செயின்ட் ஜோசப் கல்லூரி 1883-ல் திருச்சிக்கு இடம் மாறியது. ராமேஸ்வரத்திலிருந்து வந்த அப்துல் கலாம் 1950களின் தொடக்கத்தில் இயற்பியல் படித்தது அங்கேதான். நேஷனல், ஹோலி கிராஸ், ஜமால் முகமது, பிஷப் ஹீபர், சீதாலட்சுமி ராமசாமி என்று ஊருக்குள்ளேயே பழைய கல்லூரிகள் ஏராளம். 1964-ல் துவாக்குடியில் ஆர்.இ.சி. என்ற மண்டலப் பொறியியல் கல்லூரி வந்தது, அதுதான் 2003-ல் என்.ஐ.டி. ஆனது. 1982-ல் பாரதிதாசன் பல்கலைக்கழகம், 2011-ல் ஐ.ஐ.எம்., 2013-ல் ஐ.ஐ.ஐ.டி.யும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் வந்தன.

தஞ்சாவூர், புதுக்கோட்டை, அரியலூர், பெரம்பலூர், கரூர் பிள்ளைகளுக்கு மேல்படிப்பு என்றால் முதலில் நினைவுக்கு வருவது இந்த ஊர்தான். என்.ஐ.டி.யில் பாதி இடம் பிற மாநிலத்தவருக்கு என்பதால் பீகாரிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும்கூட வருகிறார்கள். ஆகவே ‘ஈர்ப்பது எப்படி’ என்று விளம்பரத்துக்குப் பணம் செலவழிப்பது வீண். வந்தவர்களை நிறுத்தி வைப்பதுதான் இந்த ஊருக்குக் கைவராத வித்தை.

அப்படி எத்தனை பேர் போய்விடுகிறார்கள்?

எண்ணிக்கையைவிட ஒரு காட்சி தெளிவாகச் சொல்லும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஜங்ஷன் பிளாட்பாரத்தில் சென்னைக்குப் போகும் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் வந்து நிற்கும் நேரத்தைப் பாருங்கள். முதுகில் லேப்டாப் பை, கையில் அம்மா கட்டிக் கொடுத்த புளிக்காய்ச்சல் பாட்டில், மறு கையில் போன். ஏறுகிறவர்களில் பெரும்பாலானோருக்கு முப்பது வயதுகூட இருக்காது. வெள்ளிக்கிழமை ராத்திரி வந்த அதே முகங்கள். இவர்களெல்லாம் திருச்சியை வெறுத்துப் போனவர்கள் இல்லை. வாரம் தவறாமல் ஊருக்கு வரத் துடிக்கிற ஆட்களையே நம்மால் ஊரில் வைத்துக்கொள்ள முடியவில்லை.

வேலை கொடுத்தால் தங்கிவிடுவார்கள், அவ்வளவுதானே?

பாதி சரி. எல்லோரும் முதல் வேலையைப் பற்றியே பேசுகிறோம். கேம்பஸில் எடுக்கிற கம்பெனி எங்கே போகச் சொன்னாலும் பிள்ளைகள் போவார்கள். இருபத்தொரு வயதில் அது இயல்பு. ஒரு ஊரில் ஆள் நிற்பாரா மாட்டாரா என்பதை முடிவு செய்வது இரண்டாவது வேலை.

யோசித்துப் பாருங்கள். திருச்சியில் ஒரு கம்பெனியில் இருபத்தைந்தாயிரம் சம்பளத்துக்குச் சேருகிறார் ஒருவர். இரண்டு வருஷத்தில் மேனேஜரோடு ஒத்துவரவில்லை, அல்லது கம்பெனியே படுத்துவிட்டது. அடுத்து எங்கே போவார்? சென்னை ஓ.எம்.ஆரில் ஒன்றை விட்டால் இரண்டு ஸ்டாப் தள்ளி இன்னொன்று இருக்கிறது. வாடகை வீட்டை மாற்ற வேண்டாம், ரூம்மேட்டை மாற்ற வேண்டாம். இங்கே அதே துறையில் வேறு நாலு கம்பெனி இல்லாவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். விவரம் தெரிந்தவர்கள் இதை முன்கூட்டியே கணக்குப் போட்டு, முதல் வேலையையே சென்னையிலோ பெங்களூரிலோ பிடித்துக்கொள்கிறார்கள்.

கல்யாணம் ஆனால் இந்தக் கணக்கு இரட்டிப்பாகிறது. கணவனுக்குத் திருச்சியில் நல்ல வேலை, மனைவியின் துறையில் இங்கே ஒன்றுமே இல்லை என்றால் யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். பெரும்பாலும் அது மனைவியாகவே இருக்கிறார். அதற்கு மனமில்லாத தம்பதிகள் ஊரை விட்டுக்கொடுக்கிறார்கள்.

அதனால் ஆயிரம் பேருக்கு வேலை தரும் ஒரே கம்பெனியா, நூறு பேருக்கு வேலை தரும் பத்துக் கம்பெனிகளா என்று கேட்டால், பின்னதையே சொல்வேன். ரிப்பன் வெட்ட முன்னது வசதி என்பது வேறு விஷயம்.

பெல் இருக்கிறதே, அது போதாதா?

ஒரே கம்பெனியை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பாடமே அதுதான். 1960களில் திருவெறும்பூரில் பெல் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் கொதிகலன் ஆலை வந்தது. துப்பாக்கித் தொழிற்சாலையும் அதே காலம். அதற்கு முன்பே பொன்மலையில் ரயில்வே பணிமனை. ஒரு தலைமுறை முழுக்க ‘பெல்லில் வேலை’ என்றால் பெண் கொடுக்கக் கண்ணை மூடிக்கொண்டு சம்மதித்த ஊர் இது. பெல்லுக்கு உதிரி வேலை செய்து கொடுக்கத் துவாக்குடி பக்கம் நூற்றுக்கணக்கில் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் முளைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வாடிக்கையாளர் ஒருவரே.

2010களில் நிலக்கரி மின்நிலையங்களுக்கான ஆர்டர் குறைந்ததும் பட்டறைகளும் சேர்ந்து முடங்கின. பலர் வங்கிக் கடனில் சிக்கினார்கள், பலர் மூடினார்கள். அங்கே வேலை பழகிய வெல்டர்கள் வளைகுடாவுக்குப் போனார்கள். வெல்டிங்குக்கென்றே 1975 முதல் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர் இது. அந்தக் கைத்திறனுக்கு வேறு வாங்குபவரை நாம் தேடிவைக்கவில்லை.

2019 ஜனவரியில், ராணுவத் தளவாட உற்பத்திக்கான தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தைத் தொடங்கிவைத்தது திருச்சியில்தான். சென்னை, கோவை, ஓசூர், சேலத்தோடு திருச்சியும் அதில் ஒரு முனை. 2024 செப்டம்பரில் ஜாபில் என்ற மின்னணு நிறுவனம் திருச்சியில் 2,000 கோடி ரூபாயில் ஆலை அமைக்க அரசோடு ஒப்பந்தம் போட்டது. வரட்டும், நல்லது. ஆனால் அதைச் சுற்றி வளரும் சிறு நிறுவனங்கள் ஜாபிலை மட்டும் நம்பி நிற்குமா, வேறு நாலு பேருக்கும் சரக்குக் கொடுக்குமா என்பதை இப்போதே கேட்டுவைக்க வேண்டும். ஒருமுறை சுட்டுக்கொண்ட ஊர் இது.

நவல்பட்டு ஐ.டி. பார்க் என்ன ஆயிற்று?

மாநில அரசின் எல்காட் நிறுவனம் அமைத்த அந்தப் பார்க் 2010 வாக்கில் வந்தது. கம்பெனிகளும் இருக்கின்றன, வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஓரிடத்தில் அடர்த்தியாகப் பெருகி ‘இதை விட்டால் அது’ என்ற தைரியம் தரும் அளவுக்கு வளரவில்லை. அதே 2010-ல் டைடல் பூங்கா திறந்த கோவையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். கோவையில் மில், பம்ப்செட், வார்ப்படம் என்று ஏற்கெனவே நூறு முதலாளிகள் இருந்தார்கள், ஐ.டி. அதன் மேல் வந்து சேர்ந்தது. இங்கே பெரிய முதலாளி அரசாங்கம்தான்.

இன்னொன்று, 2024-ல் பக்கத்துத் தஞ்சாவூரிலும் மினி டைடல் திறந்துவிட்டது. டெல்டா பிள்ளைகளுக்கு இனி திருச்சி மட்டுமே வழி இல்லை. இதைப் போட்டியாக எடுத்துக்கொள்ளாமல், ஒரு மணி நேரப் பயணத்தில் இரண்டு ஊர் வேலைச் சந்தையையும் சேர்த்துப் பார்த்தால் இருவருக்கும் லாபம். அதற்குக் காலையிலும் மாலையிலும் சரியான நேரத்தில் ரயில் வேண்டும்.

கல்லூரிகள் ஊருக்கு வெளியே இருப்பதில் என்ன குறை?

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு இதுவே பெரிய குறையாகத் தெரிகிறது. மெயின்கார்டு கேட் பக்கம் செயின்ட் ஜோசப்பிலோ ஹோலி கிராஸிலோ படித்தவர்களுக்கு ஊர் தெரியும். தெப்பக்குளத்து நெரிசல், சின்னக்கடைத் தெரு, எந்தக் கடையில் பழைய புத்தகம் கிடைக்கும், எந்த டீக்கடையில் கடன் சொல்லலாம் எல்லாம் தெரியும். மூன்று வருஷத்தில் திருச்சிக்காரர் ஆகிவிடுவார்கள்.

என்.ஐ.டி. தஞ்சாவூர் ரோட்டில் சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி. ஐ.ஐ.எம். சூரியூர் பக்கம், சட்டப் பல்கலைக்கழகம் நவலூர் குட்டப்பட்டில். நாட்டின் கெட்டிக்காரப் பிள்ளைகள் நாலு வருஷம் சுவருக்குள் இருந்துவிட்டு, ஜங்ஷனில் இறங்கி ஜங்ஷனில் ஏறிப் போய்விடுகிறார்கள். சூரியூரில் ஐ.ஐ.எம். இருக்கிறது என்று உலகத்துக்குத் தெரியும். பொங்கலுக்கு அதே சூரியூரில் ஜல்லிக்கட்டு நடப்பது உள்ளே படிக்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? டாடா சன்ஸ் தலைவர் சந்திரசேகரன் எம்.சி.ஏ. படித்தது துவாக்குடியில்தான். டாடா ஸ்டீல் நிர்வாக இயக்குநர் நரேந்திரனும் அங்கேதான் படித்தார். பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அவர்கள் மாதிரி ஆட்களுக்குத் திருச்சியில் பழக ஒரு காரணம் கொடுத்தோமா என்பதே கேள்வி.

அதற்கு என்னதான் செய்வது? கல்லூரியை இடம் மாற்ற முடியுமா?

முடியாது, ஆனால் பிள்ளைகளை ஊருக்குள் வரவைக்கலாம். மூன்றாம் ஆண்டு புராஜெக்ட் என்று எதையோ இணையத்தில் எடுத்துச் செய்கிறார்கள். அதற்குப் பதில் அரியமங்கலம் குப்பைக் கிடங்கு, காந்தி மார்க்கெட் லாரி நெரிசல், உய்யக்கொண்டான் வாய்க்காலில் கலக்கும் சாக்கடை இவற்றை மாநகராட்சியே பட்டியல் போட்டுக் கொடுத்து, மாதம் ஒரு தொகையும் கொடுத்து வேலை வாங்கலாம். முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் என்று மாநில அளவில் ஒன்று உண்டு. அதைக் கல்விப் பக்கம் தாங்கி நடத்தியது திருச்சியின் பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம்தான். இங்கேயே பயிற்சி கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஊர் அளவில் அதையே ஏன் செய்யக்கூடாது?

என்.ஐ.டி. மாணவர்கள் நடத்தும் பெஸ்டெம்பர், பிரக்யான் விழாக்களில் ஒரு நாளையாவது ஊருக்குள் நடத்தச் சொல்லலாம். மலைக்கோட்டை அடிவாரத்திலோ அண்ணா ஸ்டேடியத்திலோ நடந்தால் உள்ளூர்ப் பிள்ளைகளும் பார்ப்பார்கள்.

பேச்சுலர்களுக்கு வீடு கிடைப்பதில்லையே?

டு-லெட் போர்டில் உள்ள நம்பருக்குக் கூப்பிட்டால் வாடகை எவ்வளவு என்று நாம் கேட்கும் முன்னே எதிர்முனை கேட்கும்: ‘ஃபேமிலியா, பேச்சுலரா தம்பி?’ பேச்சுலர் என்றால் ‘இப்பதான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு’ என்று வரும். அடுத்த வாரமும் அதே போர்டு தொங்கும். சில வீடுகளில் இரண்டாவது கேள்வி சாப்பாடு பற்றி. மூன்றாவது, ‘எந்த ஊரு, யாரு வீடு’ என்று சுற்றி வளைத்துச் சாதியில் போய் நிற்கும். வெளியூர்ப் பிள்ளைக்கு ஊரைப் பற்றிய முதல் அபிப்பிராயம் இந்தப் போன் பேச்சில்தான் உருவாகிறது.

சட்டப்படி உள்ள நிலையையும் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்கிறது அது. ‘வேறு மாதிரி ஒப்பந்தம்’ என்ற அந்த ஓட்டைக்குள்தான் பத்து மாத அட்வான்ஸ் நுழைகிறது. எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, வாடகை ஆணையத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பணத்தைத் திருப்பி வாங்கும்போது உதவும்.

பெண்கள் விடுதிகள் பாதுகாப்பானவையா?

விசாரித்துச் சேருங்கள். பெண்கள் விடுதி நடத்துவோர் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்து உரிமம் பெற்றிருக்க வேண்டும். காவலாளி, வார்டன், கேமரா எல்லாம் அதில் அடங்கும். ‘லைசென்ஸைக் காட்டுங்க’ என்று கேட்கத் தயங்க வேண்டாம். வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசின் தோழி விடுதி திருச்சியிலும் உண்டு. ஆனால் ஒன்றிரண்டு கட்டடம் போதாது. நவல்பட்டு, துவாக்குடி, பஞ்சப்பூர் என்று வேலை இருக்கும் பக்கமெல்லாம் வேண்டும்.

இங்கே ஒரு மனத்தாங்கல். பாதுகாப்பு என்ற பெயரில் ராத்திரி எட்டு மணிக்குக் கேட்டைப் பூட்டும் விடுதியில் இருந்துகொண்டு, ஷிப்ட் வேலையோ மாலை நேர வகுப்போ எப்படிப் போவது? தெருவிளக்கை எரியவைப்பதும், கடைசி பஸ்ஸைத் தாமதமாக விடுவதும் பாதுகாப்புதான். அதைச் செய்ய வேண்டியவர்கள் செய்யாமல், பெண்ணை உள்ளே வைத்துப் பூட்டுவது சுலபமாகிவிட்டது.

விடுதிக் கட்டணத்தில் ஜி.எஸ்.டி. போட்டால் கேளுங்கள்: தொடர்ந்து 90 நாளுக்குக் குறையாமல் தங்குபவருக்கு, மாதம் 20,000 ரூபாய் வரையான கட்டணத்துக்கு 2024-லேயே விலக்குக் கொடுத்துவிட்டார்கள்.

பஸ் வசதி எப்படி?

பகலில் நன்றாக இருக்கிறது. சத்திரம் – சென்ட்ரல் இடையே நின்ற இடத்தில் பஸ் கிடைக்கும். ஆனால் திருச்சி டவுன் பஸ்களில் தனியார் பஸ் அதிகம். பெண்களுக்கான கட்டணமில்லா விடியல் பயணம் அரசின் சாதாரணக் கட்டண பஸ்ஸில் மட்டுமே செல்லும். முன்னால் வரும் தனியார் பஸ்ஸை விட்டுவிட்டுப் பின்னால் வருவதற்குக் காத்திருக்கும் கல்லூரிப் பெண்களை எந்த நிறுத்தத்திலும் பார்க்கலாம்.

ராத்திரி வேறு கதை. 2025-ல் பஞ்சப்பூரில் பெரிய பேருந்து முனையம் திறந்தாயிற்று. மதுரையிலிருந்து ராத்திரி பத்து மணிக்கு மேல் அங்கே வந்து இறங்கும் மாணவிக்குத் துவாக்குடி போக என்ன வழி? ஆட்டோக்காரர் சொல்லும் தொகை மதுரை டிக்கெட்டைத் தாண்டும். ஜெர்மனியின் பல்கலைக்கழக ஊர்களில் செமஸ்டர் கட்டணத்தோடு பஸ், டிராம் சீட்டும் சேர்ந்தே வரும். படிக்கிற எல்லோரும் கொஞ்சம் கட்டுவதால் ஆளுக்குச் செலவு குறைவு. திருச்சிக் கல்லூரிகள் ஒன்றுகூடினால், அரசு, தனியார் இரண்டு பஸ்களிலும் செல்லும் ஒரே பாஸ் கொண்டுவரலாம். எனக்கு முதல் ஆசை இதுதான்.

பெரிய மால், தியேட்டர் வந்தால் தங்குவார்களா?

மாட்டார்கள். மால் எல்லா ஊரிலும் இருக்கிறது. காவிரிக்கரை எல்லா ஊரிலும் இல்லை. அதில் உட்கார இடம், வெளிச்சம், சுத்தமான கழிப்பறை, ராத்திரி பதினொன்று வரை ஒரு டீக்கடை, இவ்வளவு போதும். பத்துப் பேருக்குக் குறையாமல் ஆள் வைத்திருக்கும் கடைகள் 24 மணி நேரமும் திறக்கலாம் என்று 2019-லேயே அரசாணை வந்துவிட்டது. சின்ன டீக்கடைக்காரருக்கு அது உதவாது. ரோந்து வண்டி வந்தால் ஷட்டரை இறக்கிவிடுகிறார்.

நூலகத்தையும் பொழுதுபோக்கில் சேர்க்கிறேன். மாவட்ட மைய நூலகத்தில் காலையில் டிபன் பாக்ஸோடு வந்து டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கும் கூட்டத்தைப் பாருங்கள். படிப்பு முடிந்தும் இந்த ஊரிலேயே இருக்கிற இளைஞர்களில் பெரும்பங்கு இவர்கள்தான். ஊரைப் பற்றிய எந்தத் திட்டத்திலும் இவர்கள் பெயர் வருவதில்லை.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் தங்கவைக்குமா?

அவற்றின் வேலை அது இல்லை. அரசுப் பள்ளியில் படித்து மேலே படிப்பவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய். படிப்பு பாதியில் நிற்காமல் இருக்க உதவுகிறது. உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் 2021-22 கணக்கெடுப்பில் நாட்டில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47. இத்தனை பேரைப் படிக்கவைத்த பிறகு எங்கே நிறுத்துவது என்பது உள்ளூரின் பொறுப்பு.

மாநகராட்சிக்கு இதில் என்ன லாபம்?

தொழில் வரி. சம்பளக்காரர் ஒவ்வொருவரும் வேலை செய்யும் ஊரின் உள்ளாட்சிக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 2,500 ரூபாய் வரை கட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறுகிறவர் அதைச் சென்னையில் கட்டுகிறார். போலந்து 2019-ல் 26 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு வரம்பு வரை வருமான வரியையே எடுத்துவிட்டது. நம் மாநகராட்சியிடம் அந்த அதிகாரம் இல்லை. தொழில் வரியில் வரும் பணத்தில் ஒரு பங்கை இளைஞர்களுக்கான பஸ்ஸுக்கும் விடுதிக்கும் ஒதுக்குவது முடிகிற காரியம்.

ஊரை விட்டுப் போவது தப்பா?

இல்லவே இல்லை. இருபத்திரண்டு வயதில் நாலு ஊர் பார்க்கட்டும். முப்பதில் குழந்தைக்குப் பள்ளிக்கூடம் தேடும்போது, அப்பாவுக்கு முட்டி வலி வரும்போது, திரும்பி வர நினைப்பவர்கள் நிறைய. அவர்களுக்குத் தேவை வீட்டிலிருந்தே பார்க்கும் வேலைக்கு ஓர் அலுவலக மேஜை, தடங்கல் இல்லாத மின்சாரம், நினைத்தால் போய்வர விமானம். 2024-ல் புது முனையம் திறந்துவிட்டார்கள். சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் நேராகப் போகலாம். திரும்பி வருபவர் தொழில் தொடங்கினால் அந்த நூறு பேர் கம்பெனி அவரிடமிருந்துதான் வரும். அப்படி வந்தவரை ‘அங்க என்ன பிரச்சனை, வேலை போயிடுச்சா?’ என்று விசாரிக்காமல் இருந்தாலே பெரிய உதவி.

நான் வெளியூர் மாணவர். இங்கே ஓட்டுப் போட முடியுமா?

முடியும். 18 வயது நிறைந்து விடுதியிலோ வாடகை அறையிலோ தங்கிப் படிப்பவர், சொந்த ஊரிலோ படிக்கும் ஊரிலோ ஏதாவது ஓர் இடத்தில் வாக்காளராகலாம். படிவம் 6-உடன் கல்லூரி முதல்வரிடமிருந்து சான்று வாங்கிக் கொடுக்க வேண்டும். ஊரில் ஏற்கெனவே பெயர் இருந்தால் புதிதாகச் சேர்க்காமல் இடமாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். இரண்டு இடத்தில் இருப்பது குற்றம்.

மாநகராட்சியில் 65 வார்டுகள். புதிய கல்வி நிறுவனங்களில் பல மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருப்பதால், உங்கள் ஓட்டு துவாக்குடி நகராட்சியிலோ ஏதாவது ஊராட்சியிலோ விழலாம். விடுதியில் இருக்கும் சில நூறு ஓட்டு ஒரு சின்ன வார்டின் முடிவையே மாற்றிவிடும். கவுன்சிலருக்கு நிற்க 21 வயது போதும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.